மிதிவண்டியைப் பேணும் முறை

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பவை, மாடிக் கட்டடம்போல் உயர்ந்து நின்று மண்ணை வாரும் வாளிச் சக்கரப் பேரியந்திரங்களே. நிலக்கரிப் படிவத்திற்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்பாறை மிகக் கடினமானது. இரும்பையே அராவித் தேய்க்கும் இயல்புடையது. சுரங்க வேலையின் தொடக்க ஆண்டுகளில் இப்பாறையில் உராய்ந்த வாளிப் பற்கள் விரைவில் மழுங்கித் தேய்ந்தன. பற்களைக் கடினமாக்கியும், காலந்தவறாமல் மாற்றியுமே வேலையை நடத்த வேண்டியதாயிற்று. இயந்திரம் நின்ற பின் ஓடிவந்து பார்ப்பது பராமரிப்பு அன்று. நிற்காமல் பார்த்துக்கொள்வதே பராமரிப்பு என்பது அச்சுரங்கம் கற்பிக்கும் பாடம்.

சுரங்கத்தில் பேரியந்திரத்தின் பல்லைத் தேய்க்கும் அதே மணல்தான், வெளியே முந்திரிக் காடுகளின் ஊடே செல்லும் செம்மண் பாதைகளிலும் கிடக்கிறது. அது நம் மிதிவண்டியின் சங்கிலியிலும் அச்சுக்களிலும் நாள்தோறும் புகுந்து, ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. பேரியந்திரத்துக்குக் காலம் பார்த்து எண்ணெயிடும் கை, வாயிலருகே நிறுத்தி வைத்த தன் சொந்த வண்டிக்கு எண்ணெயிட மறந்துவிடுவதும் உண்டு. அந்த மறதியை எவ்வாறு போக்குவது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எதற்காக இவ்வளவு அக்கறை?

1956-ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். வேலை வளர, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியம் எழுந்தது. சமனான நிலமும், அகன்ற சாலைகளும், இருமருங்கும் நிழல் தரும் மரங்களும் அமைந்த அந்நகரியம் மிதிவண்டிக்கென்றே அமைந்தது போன்றது. நகரியத்துக்குள் குடியிருப்போர் மட்டுமன்றி, மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, முத்தாண்டிக்குப்பம் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் வருவோரும் மிதிவண்டியை நம்பி வாழ்ந்தனர். இன்று மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன எனினும், நாட்கூலிக்கு வரும் தொழிலாளிக்கும், பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கும் மிதிவண்டியே கைகொடுக்கிறது. அதற்குப் பெட்ரோல் வேண்டா. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கி, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அத்தகைய நாட்களில், சாலையில் கிடக்கும் மரத்தின் மேல் தூக்கிக் கடத்தி அப்பால் ஓட்டிச் செல்லத்தக்க வாகனம் மிதிவண்டி ஒன்றே.

பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் வேலைக்கு வருகிறார் என்று கொள்வோம். நல்ல நிலையில் உள்ள வண்டியில், அவசரமின்றி மிதித்தாலும் நாற்பது முதல் ஐம்பது நிமிடங்களில் வந்து சேர்வார். காற்றுக் குறைந்த டயரும் வறண்ட சங்கிலியும் உள்ள வண்டியில் வந்தால், ஒரு மணி நேரம் மிதித்துக் களைத்த உடம்போடு வேலையைத் தொடங்குவார். வழியில் சங்கிலி அறுந்தால் முறை தவறும். முறை தவறினால் அன்றைய கூலி தவறும். ஒரு துளி எண்ணெயை மிச்சம் பிடித்தவர் ஒரு நாட்கூலியை இழக்கிறார்.

பள்ளிச் சிறுமியின் நிலை இதனினும் கவலைக்குரியது. தமிழக அரசு 2001–2002-ஆம் ஆண்டில், பதினோராம் வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005–2006-இல் அத்திட்டத்தைப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கிற்று. இவ்வாறு வீட்டுக்கு வந்த வண்டி ஆறு மாதத்தில் திண்ணையில் சாய்ந்துவிட்டால், பொழுது சாய்ந்த பின் காட்டுப் பாதையில் நடந்துவரும் பெண்ணுக்காகப் பெற்றோர் அஞ்சுவர். பின்னர்ப் படிப்பையே நிறுத்திவிடவும் துணிவர். வண்டியின் பழுது படிப்பின் முடிவாக ஆகிவிடலாகாது அன்றோ?

வாங்குமுன் அளவு பாருங்கள்

வண்டியின் விலையைக் கேட்கும் முன் அதன் அளவைப் பார்க்க வேண்டும். சட்டை தைக்க உடலை அளக்கிறோம். பத்து ஆண்டு ஏறி மிதிக்கவிருக்கும் வண்டிக்கு அளவு பார்க்காமல் இருப்பது முறையாகாது. நம் நாட்டுச் சாதாரண வண்டிகளின் சட்டம் 24 அங்குலம், 22 அங்குலம், அதனினும் குறைவு என்று பல அளவுகளில் கிடைக்கிறது. இரு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றிச் சட்டத்தின் மேற்குழாயைக் கால்களுக்கிடையே வைத்து நில்லுங்கள். உடலுக்கும் குழாய்க்கும் இடையே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ இடைவெளி இருந்தால் அதுவே உங்கள் வண்டி. பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று பெரிய வண்டியை வாங்கிக் கொடுப்பதால், குரங்குப் பெடல் போட்டே அவன் இளமை கழியும். விழுந்தால் அடியும் பலமாகப் படும். சேலையோ தாவணியோ உடுத்துவோர்க்கு மேற்குழாய் தாழ்ந்த சட்டமே ஏற்றது.

இருக்கையின் உயரத்தைக் குதிகாலால் அறியலாம். இருக்கையில் அமர்ந்து, மிதி கீழே தாழ்ந்திருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே வளைந்திருக்கும். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து நெடுந்தொலைவு மிதிப்பவர்க்கு முழங்கால் வலி வருவது இயல்பே.

பல்சக்கரங்களையும் எண்ணிப் பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தால், மிதி ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டேகால் மீட்டர் செல்லும். ஆகவே ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். சமதரைக்கு இது போதும். பால்கேனும் மூட்டையும் ஏற்றி எதிர்க்காற்றில் செல்ல வேண்டியவர், பின் சக்கரத்தில் 20 பற்கள் உள்ள பிரீவீலைப் பூட்டச் சொல்லலாம். வேகம் சிறிது குறையும். கால் நோவு பெரிதும் குறையும். அன்றாடப் பயணத்துக்குப் பல கியர்கள் உள்ள வண்டி கட்டாயமில்லை. எளிய வண்டியில் பழுது குறைவு. உதிரிப் பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது முதல், நம் நாட்டில் பல தொழிற்சாலைகள் எழுந்து வண்டியையும் பாகங்களையும் செய்துவந்திருக்கின்றன. எவ்வூர் வண்டியை வாங்கினும், அதன் பாகங்கள் நம் ஊரில் கிடைக்குமா என்று முன்னதாகக் கேட்டறிவது நலம்.

பழைய வண்டியை வாங்குவோர்

பழைய வண்டி வாங்குவது குற்றமன்று. புது வர்ணத்தைக் கண்டு மயங்குவதே குற்றம். முதலில், முன் கழுத்துக்குப் பின்னால் மேற்குழாயும் சாய்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே வர்ணம் சுருங்கியிருந்தாலும், குழாய் புடைத்திருந்தாலும், அவ்வண்டி எதிலோ மோதியது என்று பொருள். அதை வாங்கலாகாது.

அடுத்து ஒரு நூலை எடுங்கள். பின் அச்சின் ஒரு பக்கத்தில் அதைக் கட்டி, முன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்து அச்சில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கையைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேரானது. ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் சட்டம் கோணியது. கோணிய சட்டத்தில் எத்தனை முறை சக்கரத்தை நேராக்கினாலும் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு முழ நீள அறிவே போதும். சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரிடமிருந்து எழுத்து மூலம் பற்றுச்சீட்டும் பெறுதல் வேண்டும்.

பூட்டும்போது அருகில் இருங்கள்

புதிய வண்டி பெரும்பாலும் பாகம் பாகமாகவே கடைக்கு வருகிறது. பள்ளிகளுக்கு மொத்தமாக வரும் வண்டிகளும் அவ்வாறே வந்து, குறுகிய காலத்தில் பூட்டப்படுகின்றன. நூறு வண்டியை ஒரே மூச்சில் பூட்டும் கை, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கியிருக்கும் என்று நம்பிவிடலாகாது. எனவே வண்டி கைக்கு வந்தவுடன் கீழ்க்கண்டவற்றை நாமே சோதிக்க வேண்டும்.

முதலாவது, அச்சுக்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெல்லச் சுழற்றி விடுங்கள். வேகம் குறைந்து நிற்கும்போது, வால்வின் எடையால் அப்பாகம் தானே கீழே வந்து நிற்க வேண்டும். பாதியிலேயே நின்றால் கோன் இறுகியிருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்க, அது ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது. இறுகினாலும் தளர்ந்தாலும் உள்ளிருக்கும் இரும்புக் குண்டுகள் தேய்ந்து உடையும். முன் அச்சின் குண்டுகளைவிடப் பின் அச்சின் குண்டுகள் பெரியவை. ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போடலாகாது. போடுமுன் கிரீஸ் தடவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆரக்கம்பிகள். கடைக்காரர் இவற்றைப் போக்ஸ் கம்பி என்பர். நம் பழைய சாதாரண வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பியும் பின் சக்கரத்துக்கு 40 கம்பியும் இருக்கும். எடையின் பெரும்பகுதி பின்னாலேயே விழுவதால் அங்குக் கம்பி மிகுதி. ஒவ்வொன்றையும் விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. அது தன் சுமையை அண்டைக் கம்பியின் மேல் ஏற்றுகிறது. நாளடைவில் அண்டைக் கம்பி அறும். சக்கரம் வலப்பக்கம் கோணினால், அவ்விடத்து வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். கோட்டம் எடுப்பது என்று கூறும் வேலை இவ்வளவே. அதில் அவசரம் கூடாது. கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் திருப்பலாகாது. புதுச் சக்கரத்தின் கம்பிகள் ஓடியோடி ஓரிரு வாரத்தில் தம் இடத்தில் அமரும்போது தளரும். ஆகவே இரண்டாம் வாரம் ஒரு முறை கட்டாயம் இறுக்க வேண்டும்.

மூன்றாவது, மிதிகள். இடப்பக்க மிதியின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றுவது. இதை அறியாமல் வலிந்து திருகினால் மரை அழிந்து, மிதி மட்டுமன்றி அதைத் தாங்கும் கைக்கம்பியும் வீணாகும். காட்டர் பின் உள்ள வண்டியில், மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை டக்கென்று ஒலி கேட்டால் அப்பின் தளர்ந்தது என்று அறிக. நட்டை மட்டும் இறுக்குவதால் அது சீராகாது. பின்னைச் சுத்தியலால் தட்டி அமர்த்திய பிறகே நட்டை இறுக்க வேண்டும்.

நான்காவது, சங்கிலி. அதன் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை அசைய வேண்டும். மிகத் தளர்ந்தால் கழன்று விழும். மிக இறுகினால் அச்சைத் தின்னும். சங்கிலியை இணைக்கும் பூட்டுத் தகட்டின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், ஏதேனும் தட்டுப்பட்டு ஒரு நாள் கழன்று போகும்.

ஐந்தாவது, பிரேக்குகள். பிரேக் கட்டை ரிம்மின் மேல் மட்டுமே அமர வேண்டும். டயரைத் தொட்டால் டயர் கிழியும். பிடியை முழுதும் அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடலாகாது. இந்த ஐந்தையும் பார்த்த பிறகே வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள்.

ஓட்டும் ஒழுங்கு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகளும் கனரக லாரிகளும் இரவு பகல் ஓடுகின்றன. லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டிச் செல்பவரை அதன் ஓட்டுநர் காண முடியாது. லாரி இடப்பக்கம் திரும்பும் இடத்தில் அதன் உட்பக்கம் புகுவது உயிருக்கே கேடு. வாயிலில் நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு செல்வதும் அவ்வாறே. ஐந்து நிமிடம் தாமதித்தால் மேற்பார்வையாளரின் சொல்லைக் கேட்க நேரும். ஒரு நொடி தவறினால் வீட்டார் அழுகுரல் கேட்க நேரும்.

நிறுத்தும்போது இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி தலைகுப்புறக் கவிழும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் உடனே பிடிக்காது. ஆதலால் நிறுத்தவேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே மெல்லப் பிடித்து நீரைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். சாலையில் சிதறிய ஈரக் கரித்தூளிலும் செம்மண் சேற்றிலும் வளைந்து திரும்பலாகாது; நேராகக் கடந்த பின்னரே திரும்புக.

இரவு முறைக்குச் செல்வோர் முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு ஒளிதிருப்பியும் வைத்திருத்தல் இன்றியமையாதது. மிதிகளில் உள்ள மஞ்சள் ஒளிதிருப்பிகள் மேலும் கீழும் அசைவதால், தொலைவில் வரும் ஓட்டுநர் இது மிதிவண்டி என்று உடனே அறிகிறார். அவற்றில் படிந்த புழுதியை வேட்டி முனையால் துடைக்க ஒரு நொடியே ஆகும்.

சுமையைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்டுங்கள். பலாப்பழ மூட்டையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி நம் சொற்படி கேளாது. குழந்தையைப் பின்னால் ஏற்றும்போது, அதன் கால் ஆரக்கம்பிக்குள் போகாதபடி தடுப்பு வைக்க வேண்டும். குதிகால் சிதைந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பலர் இவ்விதம் அடிபட்டவர்களே. வேட்டியும் சேலைத் தலைப்பும் சங்கிலியில் சிக்காமல் இருக்க மூடி அவசியம்.

பெண்களும் ஓட்டக் கற்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு நடந்த அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். வயற்கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். பிறர் உதவிக்குக் காத்திராமல் தாமே சென்று தம் காரியத்தை முடிக்கும் தன்னம்பிக்கை அதனால் வளர்ந்தது. ஓட்டக் கற்றவர் பழுது பார்க்கவும் கற்றால் அத்தன்னம்பிக்கை நிறைவு பெறும்.

நாள், வாரம், மாதம், ஆண்டு

பராமரிப்பை நான்காகப் பகுத்துக்கொண்டால் அது பாரமாகத் தோன்றாது.

நாள்தோறும் மூன்றைப் பாருங்கள்: டயரில் காற்று, பிரேக், மணி. டயரைக் கட்டை விரலால் அழுத்த, அது எளிதில் அமுங்கலாகாது. காற்றுக் குறைந்த டயர் ஓட்டத்தைக் கடினமாக்குவதோடு, கல்லில் ஏறும்போது டியூபை ரிம்மில் நசுக்கிக் கிழித்துவிடும்.

வாரந்தோறும் கால் மணி நேரம் சங்கிலிக்குத் தாருங்கள். இதுவே நம் பகுதிக்கு மிக முக்கியமானது. மணல் படிந்த சங்கிலியின்மேல் எண்ணெய் ஊற்றினால், எண்ணெயும் மணலும் கலந்து அரைக்கும் சாந்தாகிவிடுகின்றன. சாணைக்கல்லால் தீட்டுவது போல அது சங்கிலியைத் தேய்க்கும். ஆகவே முதலில் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்த துணியால் சங்கிலியைத் துடைத்து, மணலை நீக்க வேண்டும். உலர்ந்த பின் கண்ணிக்கு ஒரு துளி வீதம் மெல்லிய எண்ணெய் இட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, மேலே நிற்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்துவிட வேண்டும். உள்ளே ஊறிய எண்ணெய்தான் உதவும். வெளியே வழிவது மணலை அழைக்கும். மோட்டார் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் இரும்புப் பொடி கலந்திருக்கும். அதை இடவே கூடாது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் காத்துக்கொள்க.

மாதந்தோறும் அச்சு, ஆரக்கம்பி, காட்டர் பின், பிரேக் கட்டை ஆகியவற்றை முன் சொன்னவாறு சோதியுங்கள். சங்கிலியையும் அளந்து பாருங்கள். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். தேய்ந்து அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால், உடனே புதுச் சங்கிலி மாற்ற வேண்டும். இன்னும் சில மாதம் ஓடட்டும் என்று விட்டால், நீண்ட சங்கிலி இரு பல்சக்கரங்களையும் தேய்த்து, ஒரு செலவை மூன்று செலவாக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி மாதத்திலேயே, மழைக்கு முன் வண்டியை முழுதும் கழற்றி ஓவராயில் செய்ய வேண்டும். பழைய கிரீஸைக் கழுவி நீக்கி, குண்டுகளைப் பார்த்து, குழிவிழுந்தவற்றை மாற்றி, புது கிரீஸ் நிரப்புக. ஓர் அச்சில் ஒரு குண்டு கெட்டிருந்தாலும் அவ்வச்சின் குண்டுகள் அனைத்தையும் மாற்றுவதே சரி. வெள்ளத்தில் அச்சு மூழ்கும்படி ஓட்டியிருந்தால், ஆண்டு முடியும்வரை காத்திராமல் உடனே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். நீர் புகுந்த அச்சு சில வாரங்களில் துருவேறும்.

பஞ்சர் ஒட்டும் வேலையையும் வீட்டில் ஒருவரேனும் கற்றிருக்க வேண்டும். டியூபில் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே ஓட்டை. அதனை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனைத் தடவி, ஈரம் போய் ஒட்டும் பதம் வரும்வரை பொறுத்திருந்து பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். பலருடைய ஒட்டு பிரிவதற்குக் காரணம் அந்த ஐந்து நிமிடப் பொறுமை இன்மையே. டியூபை உள்ளே வைக்குமுன் டயரின் உட்புறத்தை எச்சரிக்கையோடு தடவிப் பாருங்கள். குத்திய கருவேல முள் அங்கேயே இருந்தால், அடுத்த மைல் கல்லுக்குள் மீண்டும் பஞ்சர்தான். ஓட்டை எங்கும் இல்லாமலே காற்று இறங்கினால் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் குறை அதில்தான் இருக்கும்.

ஊருக்கு ஒரு கருவிப்பெட்டி

மேற்கூறிய வேலைகளுக்கு வேண்டிய கருவிகள் பல அல்ல. காற்றடிக்கும் பம்பு ஒன்று, டயர் கழற்றும் பட்டை மூன்று, ஸ்பானர் வரிசை, நிப்பிள் சாவி, திருப்புளி, சுத்தியல், எண்ணெய்க் குப்பி, சொலூஷனும் ஒட்டும், பல அளவுக் குண்டுகள் சிறிதளவு, இவ்வளவே. ஒவ்வொரு குடும்பமும் இவற்றை வாங்குவது கடினமாக இருக்கலாம். ஆனால் ஒரு பள்ளிக்கோ, மகளிர் குழுவுக்கோ, ஊராட்சி நூலகத்துக்கோ இஃது எளிது. சனிக்கிழமை தோறும் மாலையில் ஒரு மணி நேரம் மரத்தடியில் அப்பெட்டியைத் திறந்து வைத்தால், ஊர் மிதிவண்டிகள் அனைத்தும் அங்கு வந்து சேரும். வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் அருகிருந்து சொல்ல, பிள்ளைகள் தம் வண்டியைத் தாமே பழுது பார்க்கட்டும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இயந்திரங்களைப் பேணிப் பழகி ஓய்வு பெற்றவர்கள் இப்பகுதி ஊர்களில் உள்ளனர். அவர்களினும் தக்க ஆசிரியர் கிடைப்பது அரிது. இதனால் ஊருக்குள் இரண்டொரு இளைஞர்க்குப் பிழைப்புக்கேற்ற கைத்தொழிலும் வாய்க்கலாம்.

நெய்வேலியில் மணலைத் தடுக்க இயலாது. மழையையும் தடுக்க இயலாது. அவை நம் வண்டியைத் தின்னாமல் தடுப்பது நம் கையில் உள்ளது. இதைப் படித்து முடித்தவர்கள் எழுந்து சென்று, தம் வீட்டு வண்டியின் சங்கிலியை ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் மணல் நெருடுமாயின், இந்த வாரத்துக் கால் மணி நேரத்தை இன்றே தொடங்குங்கள்.